எது எளிது, எது கடினம்? ஆங்கில இலக்கணத்தை எடை போடும் வழி

ஆங்கில இலக்கணப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் ஆர்ட்டிகிள் (எ, ஆன், த), சிம்பிள் பிரசன்ட், ப்ரிபொசிஷன். நடுவில் பர்ஃபெக்ட் டென்ஸ்கள். கடைசியில் பாசிவ் வாய்ஸ், ரிப்போர்ட்டட் ஸ்பீச். முன்னால் இருப்பது எளிது, பின்னால் இருப்பது கடினம் என்று பிள்ளைகளும் நினைக்கிறார்கள், சொல்லிக்கொடுக்கிறவர்களும் நினைக்கிறார்கள். அது சரியில்லை. முதல் பத்துப் பக்கத்தில் இருக்கும் 'த'வும், வினைச்சொல்லின் வால் 'எஸ்'ஸும் எம்.ஏ. முடித்தவர் பேச்சிலும் விட்டுப்போகின்றன. கடைசிப் பக்கத்து பாசிவை, ராமேஸ்வரத்தில் ஆட்டோ ஓட்டும் தம்பி சட்டென்று பிடித்துக்கொள்கிறார்.

நான் தங்கச்சிமடத்தில் வீட்டு முன்வாசலில் மாலை நேரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. பள்ளிப் பிள்ளைகள், நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போகப் பார்க்கும் பெண்கள், தனுஷ்கோடிக்குச் சவாரி போகும் ஆட்டோக்காரர்கள், கீழக்கரையிலிருந்து வரும், வளைகுடா வேலைக்கு விசா எதிர்பார்த்திருக்கும் பையன்கள். இவர்கள் எல்லாருக்கும் ஒரே புத்தகத்தை ஒரே வரிசையில் நடத்த முடியாது. வத்தை என்கிற சின்னப் படகுக்குப் போதுகிற ஆழம் விசைப்படகுக்குப் போதாது. இலக்கணமும் அப்படி ஆளைப் பொறுத்தது. புதிதாக ட்யூஷன் ஆரம்பித்திருக்கும் தங்கைகள் "அக்கா, இந்தப் பிள்ளைக்கு அடுத்து எதை எடுக்கட்டும்?" என்று கேட்கிறார்கள். நான் எப்படி முடிவு செய்கிறேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். விதியைப் புரிந்துகொள்வது ஒன்று. யோசித்து எழுதும்போது அதைச் சரியாகப் போடுவது இன்னொன்று. யோசிக்க நேரமில்லாமல் பேசும்போது அது தானாக வருவது மூன்றாவது. இந்த மூன்றும் ஒன்றாக வருவதே இல்லை. 'ஹீ, ஷீ, இட் வந்தால் வினையில் எஸ் சேர்' என்ற விதியை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பத்துக்குப் பத்து வாங்குவான். அதே பையனிடம் "வாட் டஸ் யுவர் ஃபாதர் டூ?" என்று கேட்டால், "மை ஃபாதர் கேட்ச் ஃபிஷ்" என்பான். அவனுக்கு விதி தெரியாமல் இல்லை, பேச்சில் அது இன்னும் ஏறவில்லை, அவ்வளவுதான். ஆகவே, 'இது எளிதா?' என்று கேட்காதீர்கள். 'எதற்கு எளிது? புரிந்துகொள்ளவா, எழுதவா, பேசவா?' என்று கேளுங்கள். நோட்டில் மூன்று கட்டம் போட்டுத் தனித்தனியாகக் குறித்து வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்த எஸ் விஷயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் எடை போட இதிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். 1973-இல் ரோஜர் பிரவுன் என்ற உளவியலாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளின் பேச்சைப் பல மாதங்கள் பதிவு செய்து, சின்னச் சின்ன இலக்கண உறுப்புகள் 14 எந்த வரிசையில் அவர்களுக்குக் கைவருகின்றன என்று வெளியிட்டார். முதலில் வந்தது வினையோடு சேரும் 'இங்'. பன்மைக்கு வரும் எஸ்ஸும் சீக்கிரமே வந்துவிட்டது. ஆனால் படர்க்கை ஒருமை வினையில் வரும் எஸ் மிகவும் பிந்தித்தான் வந்தது. ஒலி ஒன்றுதான், விதியும் சின்னதுதான். பிறகு ஏன் இந்த வித்தியாசம்? பன்மை எஸ் ஒரு செய்தியைச் சொல்கிறது. 'கிராப்' என்றால் ஒரு நண்டு, 'கிராப்ஸ்' என்றால் பல நண்டு. விலை பேசுகிற இடத்தில் அது மாறினால் பணமே மாறும். வினையில் வரும் எஸ் புதிதாக எதையும் சொல்வதில்லை. 'மை ஃபாதர்' என்று தொடங்கியபோதே யார் என்று கேட்பவருக்குத் தெரிந்துவிட்டது. இல்லாவிட்டாலும் அர்த்தம் கெடாத ஒன்றை மனது கடைசியில்தான் எடுத்துக்கொள்ளும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் இன்னொன்றும் உண்டு. ஆளுக்கேற்ப வினை மாறுவது நமக்குப் புதிதே இல்லை. வருகிறேன், வருகிறாய், வருகிறாள் என்று எல்லா இடத்திலும் மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். எனவே கருத்தில் கஷ்டம் கிடையாது. கஷ்டம் நாக்கில். 'மென்ட்ஸ்', 'லிஃப்ட்ஸ்' என்று மெய்யெழுத்துகள் அடுக்கி முடிவது நம் வாய்க்குப் பழக்கமில்லை. "ஹீ மென்ட்ஸ் த நெட்" என்பதில் ட்ஸ் தேய்ந்துபோகிறது. அடுத்து வரும் 'த' அதை விழுங்கிவிடுகிறது. கேட்கும் காதுக்கும் அது சரியாக விழுவதில்லை. காதில் விழாததை வாய் எப்படிச் சொல்லும்? இப்படி இருக்கும்போது, 'முதல் பாடத்திலேயே நடத்திவிட்டேன், இன்னும் தப்பு விடுகிறாயே' என்று பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நியாயமே இல்லை. எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. இந்த எஸ் ஒன்றுக்காகத் திட்டு வாங்கியே வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைகள் என் வாசலுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்.

சரி, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட கேள்விகள் இவை. எந்த இலக்கணம் முன்னால் வந்தாலும் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். வடிவம் எவ்வளவு சிக்கல், காதில் விழுகிறதா? விட்டுவிட்டால் அர்த்தம் கெடுமா? தமிழில் இதற்கு இணை உண்டா? அப்புறம், இந்தப் பிள்ளையின் வாழ்க்கையில் இது எவ்வளவு அடிக்கடி தேவைப்படும்? எடை போடுகிறவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுவதுதான் வழக்கம். எனக்கு மூன்றாவது கேள்விதான் அதிகம் உதவியிருக்கிறது.

தமிழை வைத்து அளப்பது

ஒரு ஆங்கில அமைப்பைக் கையில் எடுத்ததும், அதே விஷயத்தைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்று உரக்கச் சொல்லிப் பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். தமிழிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அல்லது, தமிழில் ஒன்றாக இருப்பதை ஆங்கிலம் இரண்டு மூன்றாகப் பிரிக்கும். அல்லது, தமிழில் அது தனியாக இல்லவே இல்லாததுபோல் தோன்றும். இவற்றில் மூன்றாவதுதான் மிகக் கடினம் என்று நினைப்போம். என் பிள்ளைகளைப் பார்த்தவரை, பிரியும் வகைதான் ரொம்ப நாள் படுத்துகிறது.

ப்ரிபொசிஷனை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 'இல்' ஒன்று போதும்: பாம்பனில், பாலத்தில், படகில், காலையில். ஆங்கிலத்தில் அவள் பாம்பனில் குடியிருந்தால் 'இன் பாம்பன்'. ரயில் பாம்பனில் நின்றால் 'அட் பாம்பன்'. பாலத்தில் ரயில் போனால் 'ஆன் த பிரிட்ஜ்'. சின்ன வத்தையில் உட்கார்ந்திருந்தால் 'இன்', பெரிய கப்பலில் இருந்தால் 'ஆன்'. பிள்ளைக்கு ஏதோ ஒன்றைப் போட வேண்டும் என்று தெரியும். எதைப் போடுவது என்றுதான் தெரியாது. தமிழ் ஒரு கை கொடுத்து, பாதியில் விட்டுவிடுகிறது. ஆகவே 'இன், ஆன், அட்' மூன்றையும் ஒரே நாளில் நடத்தி முடிக்கும் எளிய பாடமாக எண்ணாதீர்கள். இடத்துக்கு வருவது முதலில், நேரத்துக்கு வருவது பிறகு, 'குட் அட்', 'இன்ட்ரெஸ்டட் இன்' போன்றவை இன்னும் வெகு தூரம். அந்தக் கடைசி வகைக்கு விதி சொல்லி நேரத்தை வீணாக்காமல், சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் பண்ணச் சொல்லிவிடுவேன்.

ஆர்ட்டிகிளில் நேர் எதிர். 'தமிழில் த கிடையாது, அதனால் நம்மவர்களுக்கு வராது' என்று எல்லாரும் சொல்வார்கள். கடினம்தான், அதை மறுக்கவில்லை. பல தாய்மொழிக்காரர்கள் தேர்வில் எழுதிய ஆங்கிலத்தை வைத்து 2016-இல் முராகாமி, அலெக்சோபூலு இருவரும் செய்த ஆய்விலும், தாய்மொழியில் ஆர்ட்டிகிள் இல்லாதவர்களுக்கு அது பிந்தி வருகிறது என்றுதான் தெரிந்தது. தாய்மொழி எதுவானாலும் எல்லாருக்கும் ஒரே வரிசை என்று அதற்கு முன்பு இருந்த எண்ணத்தை அது அசைத்தது. ஆனால் 'எந்த மீன்' என்று கேட்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்ற வேறுபாடு தமிழில் இல்லாமல் இல்லை. "மீன் வாங்கினேன்" என்பதையும் "மீனை வாங்கினேன்" என்பதையும் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். முதலாவதில் ஏதோ மீன். இரண்டாவதில், முன்னால் பேசிய அந்த மீன். "ஐ பாட் ஃபிஷ்", "ஐ பாட் த ஃபிஷ்" என்பதும் அதுதான். இந்த இடத்திலிருந்து ஆரம்பித்தால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு 'த' புரிகிறது. வினைக்கு முன்னால் எழுவாயாக வரும்போது, 'மீனை' என்பதில் வரும் இந்த ஐ உருபு தமிழில் உதவாது. "படகு வந்தது" என்றால் எந்தப் படகும் ஆகலாம். ஆகவே 'த'வை இரண்டு மட்டமாக எழுதி வைத்திருக்கிறேன்: செயப்படுபொருளில் எளிது, எழுவாயில் கொஞ்சம் பிந்தியது. நதி, மலை, தீவுப் பெயர்களுக்கு முன்னால் வருமா வராதா என்கிற பட்டியல் மூன்றாவது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரு தலைப்பு, பல மட்டம்

இப்போது சொன்னது ஆர்ட்டிகிளுக்கு மட்டும் உரியது இல்லை. 'பிரசன்ட் பர்ஃபெக்ட் எந்த மட்டம்?' என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. அதை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

கரையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குள் வந்து "படகு வந்திருக்கு" என்று சொல்கிறோம். வந்து சேர்ந்த பலன் இப்போது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. "த போட்ஸ் ஹேவ் கம்" என்பதும் அதே பொருள்தான். தமிழில் 'இரு' சேர்கிற இடத்தில் ஆங்கிலத்தில் 'ஹேவ்' சேர்கிறது என்று காட்டினால் இந்தப் பகுதி கஷ்டமே இல்லை. வினையின் மூன்றாம் வடிவத்தைத்தான் பழக வேண்டும்.

அடுத்த படி கொஞ்சம் ஏறும். "பத்து வருஷமா இங்கதான் இருக்கோம்" என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை ஆங்கிலம் "வீ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்" என்று சொல்லும். தமிழ் மனது "வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்றுதான் போகும். இங்கே தமிழ் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிறது, எனவே நேரம் எடுக்கும்.

அதற்கும் மேலே ஒன்று. "நேத்து மாமா வந்திருக்காரு, நான் வீட்டுல இல்ல" என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்த இடத்தில் 'ஹேஸ் கம்' வரக்கூடாது, 'கேம்'தான். இந்தத் தடை தமிழில் இல்லை. தப்பாகச் சொன்னாலும் கேட்பவருக்கு அர்த்தம் புரிந்துவிடுகிறது, அதனால் யாரும் திருத்தவும் மாட்டார்கள். இந்த இரண்டும் சேர்ந்தால் அந்தப் பிழை வருஷக்கணக்கில் அப்படியே தங்கிவிடும். என் கணக்கில் பிரசன்ட் பர்ஃபெக்டின் உண்மையான கடினம் இந்த மூன்றாவது இடத்தில்தான் இருக்கிறது. புத்தகத்தில் இதற்கு ஒரு வரிக் குறிப்புதான் போட்டிருப்பார்கள்.

ஏ1, பி2 என்ற அளவை எப்படிப் பயன்படுத்துவது

வெளிநாடு போகிற பிள்ளைகள் இந்த அளவைப் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். கவுன்சில் ஆஃப் யூரோப் என்ற அமைப்பு 2001-இல் வெளியிட்ட மொழித்திறன் சட்டகம் இது: ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படி. இது எந்த ஒரு மொழிக்கும் உரிய இலக்கணப் பட்டியல் அல்ல. அந்தப் படியில் இருக்கிறவர் அந்த மொழியைக் கொண்டு என்ன செய்ய முடியும் என்பதைத்தான் சொல்கிறது: தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள முடியும், பயணத்தில் எழும் பிரச்சினையைச் சமாளிக்க முடியும், இப்படி. ஆங்கிலத்துக்கு எந்த இலக்கணம் எந்தப் படியில் தலைகாட்டுகிறது என்பதைக் கேம்பிரிட்ஜ்காரர்கள், தேர்வர்களின் விடைத்தாள்களைத் திரட்டிப் பார்த்துத் தனியாகத் தொகுத்திருக்கிறார்கள். 'இங்கிலிஷ் கிராமர் புரொஃபைல்' என்று தேடினால் கிடைக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகள் அதில் உண்டு.

அதைப் பார்க்கும்போது இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். ஒரே தலைப்பு பல படிகளில் வரும், நான் மேலே பர்ஃபெக்டை உடைத்த மாதிரி. எனவே 'பாசிவ் எந்தப் படி' என்று தேடாமல், 'எந்த வகைப் பாசிவ்' என்று தேடுங்கள். இன்னொன்று, அந்தத் தொகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து வந்தது. எழுத்தில் ஒருவர் காட்டும் படியும் பேச்சில் காட்டும் படியும் ஒன்றாக இருக்கவேண்டிய அவசியமில்லை. நம் பிள்ளைகளிடம் பெரும்பாலும் எழுத்துதான் ஒரு படி மேலே நிற்கும்.

தேவை எப்படி மட்டத்தை மாற்றுகிறது

பாசிவ் வாய்ஸ் பள்ளியில் வருவது வாக்கியத்தைத் திருப்பிப் போடும் பயிற்சியாகத்தான். 'ராமன் மாம்பழம் சாப்பிட்டான்' என்பதை மாம்பழத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள். அப்படிப் படித்தால் அது கடினம்தான், பயனும் கிடையாது. யாரும் பேசும்போது ஒரு வாக்கியத்தை மனதில் செய்துவிட்டு அதைத் திருப்பிப் போடுவதில்லை.

அதே பாசிவ், சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப்போகும் ஆட்டோக்காரருக்கு முதல் வாரமே தேவைப்படுகிறது. "திஸ் பிரிட்ஜ் வாஸ் ஓப்பன்ட் இன் 1914." "த நியூ ஒன் வாஸ் ஓப்பன்ட் இன் 2025." "தனுஷ்கோடி வாஸ் டிஸ்ட்ராய்ட் பை எ சைக்ளோன் இன் 1964." யார் திறந்தார்கள், யார் கட்டினார்கள் என்பது முக்கியமில்லாத இடங்கள் இவை, பாசிவ் தானாகவே வந்து உட்காருகிறது. 'வாஸ்' போட்டு மூன்றாம் வடிவத்தைச் சேர்த்தால் முடிந்தது. தமிழில் 'திறக்கப்பட்டது' என்று செய்தித்தாளில் தினமும் பார்ப்பதும் கைகொடுக்கிறது. ஆகவே அவருக்கு இது எளிது. வளைகுடா போகும் பையனுக்குச் சொல்லத் தேவைப்படாது; ஆனால் பலகையில் எழுதியிருப்பதைப் படித்துப் புரிந்துகொள்ளத் தேவை. 'என்ட்ரி இஸ் ப்ரொஹிபிட்டட்' என்பது புரியாவிட்டால் வேலைத்தளத்தில் ஆபத்து. அவன் பெயருக்கு நேரே 'புரிந்தால் போதும்' என்று எழுதிவிடுவேன்.

ரிப்போர்ட்டட் ஸ்பீச்சைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நாம் "வரேன்னு சொன்னான்" என்று அவன் சொன்ன சொல்லை அப்படியே வைத்துப் பேசுகிறவர்கள். ஆங்கிலத்தில் "ஹீ செட் ஹீ வாஸ் கமிங்" என்று ஆளையும் காலத்தையும் சேர்த்து மாற்ற வேண்டியிருப்பதால் நமக்கு இது உண்மையாகவே கடினம். பேச்சில் அவசரத்துக்கு "ஹீ செட், ஐ ஆம் கமிங்" என்று சொன்னால் காரியம் நடந்துவிடும். பரீட்சை இருக்கிறவருக்கு எடுங்கள், மற்றவர்களுக்கு அவசரமில்லை. "யூ ஆர் கமிங், ஆரன்ட் யூ?" என்று வால் சேர்க்கும் கொஸ்டின் டேக்கும் அப்படித்தான்.

கேள்வி கேட்பது மட்டும் எல்லாருக்கும் வேண்டும். அதில் ஒரு ஏணி இருக்கிறது. மான்ஃபிரெட் பீனமான் என்ற ஆய்வாளர் மொழி கற்பவர்கள் சில படிகளை வரிசையாகத்தான் கடக்கிறார்கள், பாடம் நடத்தி நடுவில் ஒன்றைத் தாண்ட வைக்க முடியாது என்று 1980-களிலிருந்தே சொல்லிவந்தார். ஆங்கிலக் கேள்விகளில் அந்த வரிசையை எங்கள் ஊர் ஆட்களிடம் அப்படியே பார்க்கலாம். முதலில் வாக்கியத்தையே குரலை உயர்த்திக் கேட்பார்கள்: "யூ கோ தனுஷ்கோடி?" பிறகு கேள்விச்சொல்லை முன்னால் கொண்டுவருவார்கள், மற்றது அப்படியே இருக்கும்: "வேர் யூ ஆர் ஸ்டேயிங்?" அப்புறம் 'இஸ், ஆர்' இடம் மாறும்: "வேர் இஸ் யுவர் ஹோட்டல்?" அதற்குப் பிறகுதான் 'டூ, டஸ்' நடுவில் வந்து நிற்கும்: "வேர் டூ யூ வான்ட் டு கோ?" எல்லாவற்றுக்கும் கடைசியில், பெரிய வாக்கியத்துக்குள் கேள்வி அடங்கும்போது இடம் மாறாமல் இருக்கும் வகை: "டெல் மீ வேர் யுவர் ஹோட்டல் இஸ்." உங்கள் எதிரில் இருப்பவர் இரண்டாவது படியில் இருந்தால் மூன்றாவதை மட்டும் எடுங்கள். ஐந்தாவதைத் திருத்தப் போனால் அவர் பேச்சே நின்றுவிடும்.

ஒரு எச்சரிக்கை. "வுட் யூ லைக் ஸம் டீ?" என்று லாட்ஜில் வேலை பார்க்கும் பையன் அழகாகச் சொல்வான். அதைக் கேட்டுவிட்டு அவனுக்கு 'வுட்' தெரியும் என்று முடிவு கட்டாதீர்கள். முழுதாக மனப்பாடமான தொடர் அது. ஒரு சொல்லை மாற்றிக் கேட்டுப் பாருங்கள்: உன் அம்மாவுக்கு டீ வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேள் என்று. அப்போதுதான் இலக்கணம் இருக்கிறதா, தொடர் மட்டும் இருக்கிறதா என்று தெரியும். மனப்பாடத் தொடர்களைக் குறைவாக மதிக்கவும் வேண்டாம். "ஐ வாஸ் பார்ன் இன்" என்பதைப் பாசிவ் என்று சொல்லாமலே முதல் நாளில் கொடுத்துவிடலாம்.

வாயைக் கேட்டு அளப்பது

மேலே சொன்னதெல்லாம் உத்தேசம். உண்மையான எடை, பிள்ளை பேசும்போதுதான் தெரியும். அதற்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், செல்போனில் குரல் பதிவு போதும். நீங்கள் பார்க்க நினைக்கும் இலக்கணம் கட்டாயம் வந்தே தீருகிற மாதிரி ஒரு தலைப்பைக் கொடுங்கள். படர்க்கை எஸ்ஸுக்கு 'அம்மா தினமும் என்ன செய்கிறார்'. இறந்தகாலத்துக்கு 'போன திருவிழா'. பாசிவுக்கு 'கருவாடு எப்படித் தயாராகிறது'. யோசித்து எழுதிவைத்துப் படிக்க விடாதீர்கள். இரண்டு நிமிடம் பேசட்டும், நடுவில் திருத்தாதீர்கள்.

பிறகு பதிவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இலக்கணம் தேவைப்பட்ட இடங்கள் எத்தனை, அதில் சரியாக வந்தது எத்தனை என்று எண்ணுங்கள். பிரவுனும் இப்படித்தான் எண்ணினார். தேவைப்பட்ட இடங்களில் நூற்றுக்குத் தொண்ணூறில் வந்தால் கைவந்துவிட்டது என்று வைத்துக்கொண்டார்.

சின்னப்பாலம் பக்கம் கடற்பாசி எடுக்கப் போகும் ஒரு அம்மாவின் மகள் எனக்குப் பேசிக் காட்டியது இது:

"மை மதர் கோஸ் பை போட் இன் த மார்னிங். ஷீ வியர் கண்ணாடி. ஷீ டை கிளாத் ஆன் ஹேன்ட். ஷீ கலெக்ட் பாசி. தென் ஷீ கம்ஸ் ஹோம். ஷீ ட்ரை த பாசி."

எஸ் தேவைப்பட்ட இடம் ஆறு. வந்தது இரண்டில். அந்த இரண்டும் எவை என்று பாருங்கள்: 'கோஸ்', 'கம்ஸ்'. அதிகம் கேட்டுப் பழகிய வினைகள். ஆகவே அவளிடம் எஸ் விதியாக இன்னும் இல்லை, சில சொற்களோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. இது ஆரம்பம்தான், நல்ல ஆரம்பம். அடுத்து இன்னும் சில வினைகளை இதே மாதிரி ஒட்ட வைக்க வேண்டும்: 'வியர்ஸ்', 'டைஸ்', 'ட்ரைஸ்'. அம்மாவின் வேலையைச் சொல்ல இந்தச் சொற்கள்தான் அவளுக்கு வேண்டும் என்பதால் திரும்பத் திரும்ப வரும். 'கலெக்ட்ஸ்' நாக்குக்குக் கடினம், அதைப் பின்னால் வைத்தேன்.

எஸ்ஸை எண்ணும்போது கண்ணில் பட்ட இன்னொன்று எனக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது. முதலில் சொன்னபோது வெறும் 'பாசி'. இரண்டாம் முறை 'த பாசி'. 'இன் த மார்னிங்' மனப்பாடத் தொடர், அதைக் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆனால் 'த பாசி' யாரும் சொல்லிக்கொடுத்த தொடர் இல்லை, அவளே போட்டது. பாடத்தில் ஆர்ட்டிகிளில் தப்பு விடுகிற பிள்ளை, பேச்சில் அதன் உயிரைப் பிடித்திருக்கிறாள். 'கிளாத்', 'ஹேன்ட்' இரண்டுக்கும் முன்னால் ஒன்றும் போடவில்லை, பரவாயில்லை. விடைத்தாளை மட்டும் பார்த்திருந்தால் அவளை எஸ்ஸில் மேலேயும் ஆர்ட்டிகிளில் கீழேயும் வைத்திருப்போம். இரண்டும் தப்பாகியிருக்கும்.

எண்ணி முடித்ததும் நான் இப்படிப் பிரிக்கிறேன். பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வந்தால் பாடம் வேண்டாம். ஒன்றுமே வராவிட்டால், அதற்கு முந்திய படி இருக்கிறதா என்று பார்த்து, அதை முதலில் எடுப்பேன். மூன்று முதல் ஏழு வரை வந்தால் இதுதான் சரியான நேரம், அடுத்த பாடம் அதுவே. பாதி ஏறிய விஷயத்துக்குக் கொடுக்கும் ஒரு மணி நேரம், ஏறவே ஆரம்பிக்காத விஷயத்துக்குக் கொடுக்கும் பத்து மணி நேரத்தைவிட அதிகம் தரும்.

படிக்கக் கொடுக்கும் பத்தியின் கடினத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாக்கியம் நீளமா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். 'அன்ட்' போட்டு நீண்டுகொண்டே போகும் வாக்கியம் யாருக்கும் புரியும். "த கிராப் வீ காட் எஸ்டர்டே இஸ் ஸ்டில் அலைவ்" என்பது சின்ன வாக்கியம், ஆனால் தடுக்கும். தமிழில் "நேற்று நாங்கள் பிடித்த நண்டு" என்று விவரம் முழுதும் நண்டுக்கு முன்னால் வந்துவிடும். ஆங்கிலத்தில் நண்டு முதலில் வந்து, விவரம் பின்னால் தொங்கும். 'தட்' என்ற அடையாளமும் அதில் விட்டுப்போயிருக்கிறது. பத்தியைக் கொடுக்கும் முன்பு இப்படிப் பெயருக்குப் பின்னால் விவரம் தொங்கும் இடங்களைப் பென்சிலால் கோடிடுங்கள். கோடுகள் கூடினால் பத்தி கடினம்.

கடைசியாக, எப்போது மறுபடி அளப்பது. மாதாமாதம் அளந்தால் மாற்றம் தெரியாது, பிள்ளைக்கும் சலிப்பு. நான் மீன்பிடித் தடைக்காலத்தில் வைத்துக்கொள்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. பள்ளி விடுமுறையும் அதற்குள் வந்துவிடும். பிள்ளைகளுக்கு நேரம் இருக்கும், அப்பாக்களும் வீட்டில் இருப்பார்கள். போன முறை கொடுத்த அதே தலைப்பையே மறுபடியும் கொடுங்கள், அப்போதுதான் இரண்டு எண்ணையும் ஒப்பிட முடியும். பழைய பதிவை அழிக்காமல் பெயர், தேதி போட்டு வைத்திருங்கள். புதிய பதிவை எண்ணி முடித்த பிறகே பழையதைத் திறந்து பாருங்கள். முன்பே பார்த்துவிட்டால், முன்னேற்றம் இருக்கவேண்டும் என்ற ஆசையில் காது தானாகவே எஸ்ஸைச் சேர்த்துக் கேட்டுவிடும்.